அழாத குழந்தைக்கு இருக்கை இல்லை

குவாங்ஜுவிலிருந்து ஜேஜு தீவுக்கு விமானத்தில் ஐம்பது நிமிடம்தான். ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, பணிப்பெண் கொடுக்கும் ஆரஞ்சுச் சாற்றைக் குடித்து முடிப்பதற்குள் தீவு வந்துவிடும். அந்த ஐம்பது நிமிடத்துக்குத் தயாராவதற்கு ஜாங்மிக்கு மூன்று வாரம் போதவில்லை. காரணம், அவள் மடியில் ஒரு குழந்தை இருந்தது.

குழந்தையின் பெயர் நாரே. நாரே என்றால் சிறகு. பெயர் வைத்த அப்பா பில்சு, பிள்ளைக்கு நாலு மாதம் ஆனபோது ஜேஜுவுக்கு வேலைக்குப் போனான். அங்கே ஓர் ஆரஞ்சுக் கிடங்கில் லாரிக்குச் சரக்கேற்றும் வேலை. போன மாதம் பெட்டியோடு லாரியிலிருந்து சறுக்கி விழுந்து, கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிடக்கிறான். மகள் வளர்ந்ததெல்லாம் அவனுக்கு ஃபோன் திரையில்தான். அதிலும் பாதி நேரம் அவள் திரையை நக்குவதால் நாக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னும் மூன்று வாரத்தில், ஒரு சனிக்கிழமை, நாரேவுக்கு முதல் பிறந்தநாள். அன்றைக்குக் குழந்தையின் முன்னால் நூல், அரிசி, தூரிகை, காசு என்று பரப்பி வைப்பார்கள். நூலை எடுத்தால் நீண்ட ஆயுள், தூரிகையை எடுத்தால் படிப்பு, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன் உண்டு. பில்சு தன் முதல் பிறந்தநாளில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, வைத்திருந்த பலகையையே தூக்கினானாம். அதனால்தான் ஆயுள் முழுக்கப் பாரம் தூக்குகிறேன் என்பான்.

ஒருநாள் இரவு ஃபோனில் அவன் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டான். "அவ எதை எடுக்கறான்னு நான் கூட இருந்து பாக்கணும். இன்னும் நாலு மாசம் போனா நான் அவளுக்கு ஃபோன்ல வர்ற எவனோ ஒருத்தன் ஆயிடுவேன். அதுக்கு முன்னாடி கூட்டிட்டு வந்துடு, நாரே அம்மா."

சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் உடைந்தது. காலோடு சேர்ந்து அதுவும் உடைந்துவிட்டது போலிருக்கிறது என்று அவனைக் கிண்டல் செய்துவிட்டு, ஜாங்மி ஃபோனை வைத்த பிறகு அழுதாள்.

கப்பலில் போகலாம். ஆனால் ஜாங்மிக்குப் பூங்கா ஏரியில் வாத்துப் படகை மிதித்தாலே குமட்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தனியாகக் கடல் கடப்பது நடக்காத காரியம். தொடர் விடுமுறை என்பதால் மற்ற விமானங்களெல்லாம் நிரம்பிவிட்டன. மென்காற்று என்ற நிறுவனத்தில் மட்டும் சனிக்கிழமை காலை இடம் இருந்தது. ஏன் இருந்தது என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.

மென்காற்றுக்கு ஃபோன் போட்டாள். பதிவு செய்யப்பட்ட ஒரு தேன்குரல், அடுத்தவருக்குத் தொந்தரவு தரக்கூடிய எதையாவது கொண்டு வருகிறீர்களா என்று கேட்டது. நாய், பூனை என்றால் ஒன்றை அழுத்தவும். இசைக்கருவி என்றால் இரண்டு. மீன், கருவாடு, ஊறுகாய் என்றால் மூன்று. குழந்தை என்றால் நான்கு. ஜாங்மி நான்கை அழுத்தினாள். தேன்குரல் ஒரு கணம் தயங்கியது போல அவளுக்குப் பட்டது. பிறகு, மழலைப் பயணிகள் நல்லிணக்க மையத்துக்குக் குழந்தையோடு நேரில் வரவும் என்று சொல்லிவிட்டு, அது துண்டித்துக்கொண்டது.

மையம் விமான நிலையத்துக்குப் பின்னால் ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் தள்ளுவண்டி நுழையாது. வாசலில் அரசாங்கச் சுவரொட்டி ஒன்று, இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள், நாடு உங்களுக்கு நன்றி சொல்லும் என்றது. அதற்கு நேர் கீழே மையத்தின் அறிவிப்பு, குழந்தைகளின் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்றது. பக்கத்துக் கண்ணாடி அலமாரியில், குழந்தைகள்மேல் அதிக அன்பு காட்டும் நிறுவனம் என்று மூன்று வருடமாக வாங்கிய கேடயங்கள் தூசியில்லாமல் மின்னின. அவை உடைந்துவிடும் என்பதால் குழந்தைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை.

மையத்தின் குழுத் தலைவர் பியோ ஒல்லியான மனிதர். பேசும்போது தன் அடையாள அட்டையைத் தடவிக்கொண்டே பேசுவார். அன்று வந்திருந்த ஏழெட்டுப் பெற்றோர்களை உட்காரவைத்து வரவேற்புரை ஆற்றினார்.

"எங்க நிறுவனத்துக்குக் குழந்தைங்கன்னா உயிர். அதனாலதான் அவங்க அழறதை எங்களால தாங்க முடியறதில்லை. தாங்க முடியாததாலதான் கேக்க விரும்பறதில்லை. குழந்தைங்கதான் நாட்டோட எதிர்காலம்னு சொல்றாங்க. ரொம்ப சரி. எதிர்காலம் எதிர்காலத்துல வரட்டும். காலை ஏழரை விமானத்துல வரணும்னு என்ன அவசரம்?"

பெற்றோர்கள் கைதட்டினார்கள். ஜாங்மியும் தட்டினாள். தட்டாவிட்டால் குறித்துக்கொள்வார்களோ என்ற பயம். யாங் என்ற பயிற்சியாளர் பெண் ஓரமாக நின்று, உண்மையிலேயே குறித்துக்கொண்டுதான் இருந்தாள்.

முதல் பயிற்சி மன்னிப்புக் கேட்பது. எப்போதோ ஒரு நல்ல மனசுக்காரி, தன் குழந்தை அழுதால் பாவம் மற்றவர்கள் தூங்க முடியாதே என்று காதுப் பஞ்சும் மிட்டாயும் சின்னப் பையில் போட்டு, விமானத்தில் எல்லோருக்கும் கொடுத்தாள். ஊரே அவளைப் புகழ்ந்தது. அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒருத்தி மனசாரச் செய்தது மற்ற எல்லாத் தாய்மார்கள் தலையிலும் கடமையாக வந்து விழுந்தது. மென்காற்று அதற்கு ஒரு பாடத்திட்டமே போட்டுவிட்டது.

துணிக்கடைப் பொம்மைகளுக்குச் சட்டை மாட்டி, பயணிகள் போல இருக்கையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பொம்மையின் முன்னாலும் குனிய வேண்டும். அழுவதற்கு முன் ஒரு மன்னிப்பு. அழும்போது இன்னும் தாழக் குனிந்து ஒன்று. அழுது ஓய்ந்ததும் முதுகு வளைய ஒன்று.

குழந்தை அழவே இல்லை என்றால் என்ன செய்வது என்று ஜாங்மி கேட்டாள்.

"அழுதுடுமோ அழுதுடுமோன்னு அவங்களைப் பயத்துலயே வெச்சிருந்தீங்கல்ல? அதுக்கு ஒரு மன்னிப்பு," என்றாள் யாங். "நாலுலயே அதுதான் நீளமானது."

ஒரு தகப்பன் நெஞ்சில் பிள்ளையைக் கட்டியிருந்தபடியே நன்றாகக் குனிந்தான். பிள்ளை தலைகீழாகத் தொங்கி, கெக்கெக்கே என்று சிரித்தது. அவனுக்கு மதிப்பெண் குறைத்தார்கள். முன்னறிவிப்பில்லாமல் சிரிப்பதும் சத்தம்தான். அந்த ஆள் எதிர்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். மனைவி அவன் காலை மிதித்தாள். அவர்களுக்கு இது மூன்றாவது முயற்சியாம்.

அடுத்தது பை. ஜாங்மி காய்கறிச் சந்தையில் தொடுகறிக் கடையில் நிற்பவள். நாள் முழுக்கக் கிம்ச்சி பிசைந்துவிட்டு வந்து, வெங்காய வாசம் போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, விமானம் முழுக்கக் கொடுக்கும் அளவுக்குப் பைகள் கட்டினாள். முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள். மிட்டாய்க் காகிதம் சரசரவென்று சத்தம் போடுகிறதாம். சத்தத்துக்கு மன்னிப்பாகச் சத்தத்தையே கொடுக்கலாமா என்று பியோ வருத்தத்தோடு கேட்டார். அவள் எல்லா மிட்டாயையும் பிரித்து மெல்லிய துணியில் முடிந்து கொண்டுவந்தாள். அடுத்த தடவை, பைக்குள் வைத்திருந்த கடிதத்தில் குற்றம் கண்டுபிடித்தார்கள்.

கடிதத்தைக் குழந்தையே எழுதியது போல எழுத வேண்டும் என்பது வழக்கம். ஜாங்மி இப்படி எழுதியிருந்தாள்: வணக்கம், என் பெயர் நாரே. எனக்கு ஒரு வயது ஆகப்போகிறது. அப்பாவைப் பார்க்கப் போகிறேன். அழுதால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

பியோ அதை இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாரே அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. 'அழுதால்'னு போட்டிருக்கா. நிபந்தனை வெச்சு மன்னிப்புக் கேக்கறா. இந்த வயசுல இது நல்லதில்லை. அப்புறம் இந்த 'அப்பாவைப் பார்க்கப் போகிறேன்'. இதைப் படிக்கிற பயணி மனசு இளகிடுவாரு. இளகிட்டா அழுகையைப் பொறுத்துக்குவாரு. பொறுத்துக்கிட்டா எங்க மையம் எதுக்கு?"

அந்த வரியை அடித்துவிட்டார். குழந்தைக்குப் போதுமான குற்றவுணர்ச்சி தெரியும்படி திருப்பி எழுதச் சொன்னார். நாலாவது வடிவம் தேறியது. அதில் நாரே தான் பிறந்ததற்கே வருத்தம் தெரிவித்திருந்தாள். ஜாங்மி அதை எல்லாப் பைகளிலும் வைத்தாள். ஒரே ஒரு பையில் மட்டும், மனசு கேட்காமல், முதலில் எழுதியதை வைத்து மூடினாள்.

கடைசியாக அழுகைத் தேர்வு.

பஞ்சு ஒட்டிய சுவர்களோடு ஒரு சின்ன அறை. நடுவில் ஒரு குழந்தை நாற்காலி, மேலே ஒரு ஒலிவாங்கி, சுவரில் பச்சையிலிருந்து சிவப்புவரை ஏறும் முள். குழந்தையின் அழுகையை அளந்து, அதற்கேற்ற வகுப்பில் சேர்த்து, அதற்கேற்ற வரிசையில் இருக்கை ஒதுக்குவார்கள். மிதமான அழுகைக்கு ஜன்னல் ஓரம். கடுமையான அழுகைக்குக் கழிவறைப் பக்கம்.

நாரே நாற்காலியில் உட்கார்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள். பியோவைப் பார்த்துச் சிரித்தாள்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். யாங் பொம்மையைக் கொடுத்துப் பிடுங்கினாள். நாரே இன்னொரு தடவை பிடுங்கு என்பது போலக் கையை நீட்டினாள். விளக்கை அணைத்தார்கள், அவள் கொட்டாவி விட்டாள். பால் நேரம் வரை காத்திருந்தார்கள். அவள் தன் கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு தூங்கிவிட்டாள். எழுந்ததும் பியோ குனிந்து, கீழ் அலுவலர்களை நடுங்கவைக்கும் தன் முகத்தை அவளிடம் காட்டினார். அவள் மகிழ்ச்சியோடு அவருடைய அடையாள அட்டையைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டாள். முள் அசையவே இல்லை.

ஜாங்மிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "அழலைன்னா நல்லதுதானே சார்?" என்றாள்.

பியோ எச்சில் படிந்த அட்டையைத் துடைத்துக்கொண்டே பெருமூச்சு விட்டார். "எல்லாத் தாய்மாரும் இப்படித்தான் நினைக்கறாங்க. அழற குழந்தையை எங்களால சமாளிக்க முடியும்மா. அதுக்கு வகுப்பு இருக்கு, வரிசை இருக்கு. அழாத குழந்தைக்கு என்ன இருக்கு? அது எப்ப அழும், எவ்வளவு அழும், யாருக்குத் தெரியும்? உள்ளுக்குள்ள சேத்து வெச்சிருக்கற குழந்தையை நூத்தம்பது பேர் நடுவுல எப்படி உக்கார வைக்கறது? அழ வெச்சுக் கூட்டிட்டு வாங்க."

அழ வைத்துக் கூட்டிக்கொண்டு வருவதற்காக ஜாங்மி அந்த வாரம் மூன்று முறை மாடி ஏறினாள். கடை முதலாளியம்மா, இப்படி அடிக்கடி லீவு கேட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டாள். பில்சு தினமும் ஃபோனில், என்னாச்சு, டிக்கெட் ஆச்சா என்று கேட்பான். பிள்ளை அழ மாட்டேன் என்கிறாள் என்று இவள் சொன்னால் அவனுக்குப் புரியவில்லை. புரியாததில் அவன் தப்பு ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலைதான் கடைசி வாய்ப்பு. அறைக்கு வெளியே ஓர் அம்மாள் கூடைக்குள் நாயோடு நின்றிருந்தாள். நாய் கட்டடம் அதிரக் குரைத்தது. யாங் ஓடிப்போய் அதற்கு ஒரு பிஸ்கட் கொடுத்து, செல்லக்குட்டி, நாளைக்கு முன்வரிசை உனக்குத்தான் என்று கொஞ்சினாள்.

உள்ளே நாரே ஒலிவாங்கியைப் பார்த்து ஊதி விளையாடிக்கொண்டிருந்தாள். ஜாங்மி அவள் முன்னால் மண்டி போட்டாள். இத்தனை நாளில் ஒருமுறைகூடப் பிள்ளையை அதட்டாதவள், தொண்டை கிழியக் கத்தினாள். "அழேன்டி. அப்பாவைப் பாக்க வேண்டாமா? ஒரு தடவை அழுது தொலையேன்டி."

நாரே ஊதுவதை நிறுத்தினாள். அம்மாவை வியப்போடு பார்த்தாள். பிறகு கையை நீட்டி, அம்மாவின் கன்னத்தைப் பட்பட்டென்று தட்டிக் கொடுத்தாள். அவ்வளவுதான், ஜாங்மி உடைந்துபோனாள். மூன்று வாரம் குனிந்த முதுகு, முடிந்த மிட்டாய், ஏறிய படி எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. முள் துள்ளி எழுந்து சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது.

அவள் அழுது ஓயும்வரை பியோ மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு குறிப்பைப் படித்துக் காட்டினார். குழந்தை: பதிவு இல்லை. தாய்: வரம்புக்கு மேல். இனிமேல் தாயும் தனியாகப் பறக்க முடியாது, பொறுப்பேற்க ஒரு பெரியவர் துணை வேண்டும் என்றார்.

"கணவர் இருக்காருல்ல? அவரை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"அவரு ஜேஜுவுல கால் உடைஞ்சு படுத்திருக்காரு சார். அவரைப் பாக்கத்தான் போறோம்."

"அட பாவமே," என்றார் பியோ. அவர் முகத்தில் உண்மையான இரக்கம் இருந்தது. "கால் கட்டோட வர்றவங்களுக்கு இரண்டாவது மாடியில தனி மையம் இருக்கு. ஆனா அது திங்கக்கிழமைதான் திறப்பாங்க."

சனிக்கிழமை காலை மென்காற்று விமானம் பாதி காலியாக, மிக அமைதியாக, நாயோடு பறந்து போனது. ஜாங்மி அப்போது மோக்போ துறைமுகத்தில் ஜேஜு கப்பலுக்கான வரிசையில் நின்றிருந்தாள். முதுகில் நாரே, இரண்டு கையிலும் மன்னிப்புப் பைகள். கடலைப் பார்த்ததுமே வயிற்றைப் புரட்டியது. சீட்டு கொடுக்கிறவர் தலையைத் தூக்காமல் எத்தனை பேர் என்று கேட்டார். நானும் என் குழந்தையும் என்றாள். குழந்தை என்றதும் அடுத்து ஏதாவது கேட்பார் என்று நினைத்தாள். வழக்கம்போல முதுகை வளைக்கத் தயாரானாள்.

"தண்ணியில எட்டிப் பாக்காம பாத்துக்க," என்றார் அவர். "அடுத்து யாருப்பா?"

கப்பலின் கீழ்த்தளத்தில் நாற்காலி கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு, சூடான தரையில் அவரவர் இஷ்டத்துக்குப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். மலையேறப் போகும் பெண்கள் கூட்டம் ஒன்று வட்டமாக உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தது. ஒருவர் சுருதியே இல்லாமல் பாடினார். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கப்பல் ஆடத் தொடங்கியதும் ஜாங்மியின் முகம் வெளுத்தது. அதைப் பார்த்த சீட்டுக்காரி ஒருத்தி கையை நீட்டினாள்.

"இந்தா, புள்ளைய இங்க குடு. நீ போய் நிம்மதியா வாந்தி எடு."

ஜாங்மி அப்படியே செய்தாள். தீவு வரும்வரை பிள்ளை யார் மடியில் இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவை தலையைத் தூக்கிப் பார்க்கும்போதும் வேறொரு மடி. நாரே அவித்த உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டு, சீட்டுக்கட்டில் பாதியை எச்சில் பண்ணிக்கொண்டு, ராஜாத்தியாக இருந்தாள். அழுகைச் சத்தமே இல்லை.

ஆஸ்பத்திரியில் பில்சு தலையைத் தண்ணீர் வைத்து வாரி, கழுத்துவரை பொத்தானைப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். சவரம் செய்கிறவர் திங்கட்கிழமைதான் வருவாராம். ஒரு மாதத் தாடி முகம் முழுக்க மண்டிக் கிடந்தது. கட்டிலின் குறுக்குப் பலகையில் பிறந்தநாள் சாமான் தயாராக இருந்தது. நர்ஸ் கொடுத்த நூல்கண்டு, சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் அரிசி, ஒரு பேனா, பக்கத்துக் கட்டிலில் இருந்த கோ என்ற தோட்டக்காரர் வைத்த ஓர் ஆரஞ்சு.

"நாரே," என்றான் பில்சு. "நான்தான்டி, அப்பா."

நாரே தாடியைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. மூச்சை இழுத்தாள். பிறகு, வாரம் முழுக்க ஒரு மையமே தவம் கிடந்தும் கிடைக்காத அந்த அழுகை, ஜன்னல் கண்ணாடி நடுங்க, எதிர்க் கட்டிலில் தூங்கியவர் தூக்கிப்போட்டு எழ, கிளம்பியது. இரண்டு நர்சுகள் ஓடி வந்தார்கள்.

ஜாங்மிக்கு ஒன்றும் ஓடவில்லை. பழகின உடம்பு தானாகக் குனிந்தது. கட்டில் கட்டிலாகப் போய் முதுகை வளைத்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, ஒவ்வொருவருக்கும் ஒரு பை கொடுத்தாள். கடைசியாகக் கணவன் முன்னாலும் வந்து குனிந்து, அவனுக்கும் ஒன்று கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது.

பில்சு பையைத் திறந்தான். கடிதத்தைப் படித்தான். அப்பாவைப் பார்க்கப் போகிறேன், அழுதால் மன்னித்துக்கொள்ளுங்கள். அவன் தாடிக்குள் கண்ணீர் இறங்கியது. "மன்னிச்சேன்டா தங்கம்," என்றான். "நீ நல்லா அழு."

அந்த நேரம் பார்த்து ஜாங்மியின் ஃபோன் அடித்தது. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பைகள். ஃபோனைப் பலகையில் போட்டு ஒரு விரலால் தட்டினாள். அது ஒலிபெருக்கியில் பேசத் தொடங்கிவிட்டது. மென்காற்று நல்லிணக்க மையம், குழுத் தலைவர் பியோ. எங்கள் சேவை திருப்தியாக இருந்ததா என்று கேட்க ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"நாரே அம்மா, பின்னால கேக்கறது உங்க குழந்தையா? கொஞ்சம் பக்கத்துல கொண்டு வாங்க. ஆகா. இதுதாம்மா. என்ன ஒரு தெளிவு. யாங், குறிச்சுக்க. இது வரம்புக்கு ரொம்ப மேல. விண்ணப்பம் நிராகரிக்கப்படுது. நல்ல வேளை, பறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது. திரும்பி வர்றதுக்கு நீங்க புதுசா..."

ஜாங்மி ஒரு பையைப் பிரித்தாள். காதுப் பஞ்சை எடுத்தாள். இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று, நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டாள். நாரேவைப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, எதை எடுப்பாளோ என்று கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள்.

பேசும் ஃபோனைப் பார்த்ததும் நாரேவின் அழுகை நின்றது. இந்தச் சாமானைத்தான் அவளுக்கு நன்றாகத் தெரியுமே. கை நூலைத் தாண்டியது. அரிசியைத் தாண்டியது. பேனாவைத் தள்ளியது. பியோவின் குரலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துத் தூக்கியது.

வார்டே எட்டிப் பார்த்தது. "போச்சு," என்றார் கோ. "புள்ளை அதிகாரி ஆயிட்டா."

பில்சுவுக்கு உடைந்த கால் நினைவே இல்லை, எழப் பார்த்தான். "கீழ போடு தங்கம். அப்பா சொல்றேன்ல, அது வேணாம். கீழ போட்டுடு."

அந்தக் குரல் வேறு எங்கோ கேட்டதாயிற்றே என்பது போல நாரே திரும்பினாள். இத்தனை மாதமாக ஃபோனுக்குள்ளிருந்து வந்த குரல் தாடிக்குள்ளிருந்து வருகிறது. கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள், தாடியைப் பார்த்தாள். ஃபோனை ஒரு கடி கடித்தாள். பியோ ஒரு சொல்லின் நடுவில் நின்றுபோனார். அவள் அதைக் கட்டிலுக்குக் கீழே விட்டெறிந்துவிட்டு, ஆரஞ்சை எடுத்துக்கொண்டு தாடியை நோக்கித் தவழ்ந்தாள்.

வார்டு கைதட்டியது. ஜாங்மிக்கு எதுவும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது பில்சு சிரிப்பதும் அழுவதும் மட்டும் தெரிந்தது. ஒரு காதுப் பஞ்சைக் கழற்றினாள்.

"என்னங்க எடுத்தா?"

"ஃபோனை எடுத்தா. உடனே தூக்கிப் போட்டுட்டா."

"அப்பாடா," என்றாள் ஜாங்மி. "பொழச்சுக்குவா."